1080பி மொனிட்டருக்குக் கிராபிக்ஸ் கார்ட் எடுப்பது எப்படி: வன்னிப் பெடியளுக்கான முழு வழிகாட்டி

கிளிநொச்சியில் கணினி திருத்திப் பொருத்திக் கொடுக்கும் வேலை செய்கிறேன். புதுக் கார்ட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து "அண்ணை, இதைப் போட்டுத் தாங்கோ" என்று கேட்கிறவர்கள் அடிக்கடி வருவார்கள். கார்ட் பெரும்பாலும் நல்ல கார்ட்டாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பவர் கொடுக்கும் வயர் அவர்களுடைய மெஷினில் இருக்காது, அல்லது கேசிங்குக்குள் நுழையாது, அல்லது எல்லாம் சரிவந்து ஓடினாலும் மொனிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்பதால் கொடுத்த காசில் பாதி கண்ணுக்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: கார்ட்டை முதலில் தெரிவு செய்வது. மொனிட்டர், விளையாட்டு, புரொசசர், பவர் சப்ளை, கேசிங், அதற்குப் பிறகுதான் கார்ட். இந்த வரிசையை மாற்றாமல் வந்தால், நினைத்ததைவிட மலிவான கார்ட்டே போதும் என்ற முடிவுக்குத்தான் பலர் வருவார்கள், மிஞ்சும் காசை எங்கே போடுவது என்பதும் தெளிவாகிவிடும்.

1. முதலில் இவற்றை எழுதி வையுங்கள்

மொனிட்டரின் மாடல் எண், புரொசசரின் முழுப் பெயர், ரேம் எத்தனை ஜிபி, அது ஒரு துண்டா இரண்டு துண்டா, மதர்போட்டின் அல்லது பிராண்ட் மெஷினின் மாடல், பவர் சப்ளை லேபிளின் படம், கேசிங்குக்குள் கார்ட் போகும் இடத்தின் நீளம். ரன் பெட்டியில் டிஎக்ஸ்டயக் (dxdiag) என்று அடித்தால் புரொசசரும் ரேமும் மெஷின் மாடலும் வந்துவிடும். பவர் சப்ளை லேபிளுக்கு மட்டும் கேசிங்கின் பக்கக் கதவைக் கழற்றத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

இது ஏன் முதலில் என்றால், கடையில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் எடுத்து "அந்தப் பெட்டியில என்ன எழுதியிருக்கு பார்" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. கடைக்காரரும் தன்னிடம் இருப்பதைத்தான் தருவார்.

2. மொனிட்டரைப் படியுங்கள்

இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று ரெசலூஷன், அதாவது திரையில் எத்தனை புள்ளிகள் என்பது, மற்றது ரிஃப்ரெஷ் ரேட்.

கார்ட் ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு தனிப் படத்துக்கும், திரையில் உள்ள புள்ளிகள் எல்லாவற்றையும் கணக்கிட்டு வரைய வேண்டும். 1366×768 திரையில் ஏறத்தாழ 10.5 லட்சம் புள்ளிகள். 1600×900 என்றால் 14.4 லட்சம், 1920×1080 (இதைத்தான் 1080பி என்கிறோம்) என்றால் 20.7 லட்சம், 2560×1440 என்றால் 36.9 லட்சம், 4கே என்றால் 83 லட்சம். அதாவது 4கேயில் திணறும் கார்ட் என்று யூடியூப்பில் ஒருவர் சொன்னால் அது உங்களுக்குப் பொருட்டே இல்லை, உங்கள் திரை கேட்பது அதில் நாலில் ஒரு பங்கு வேலை.

ரிஃப்ரெஷ் ரேட் என்பது ஒரு செக்கனுக்கு மொனிட்டர் எத்தனை தரம் படத்தை மாற்றும் என்பது, அதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, பிறகு அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்று போனால் தெரியும். ஒஃபிஸ்களில் இருந்து கழித்து வரும் டெல், எச்பி மொனிட்டர்கள் அநேகமாக 60 ஹெர்ட்ஸ். அதில் கார்ட் 150 பிரேம் கொடுத்தாலும் திரை காட்டப்போவது 60தான். சுடும் விளையாட்டுகளில் மவுஸ் அசைவு கொஞ்சம் கெதியாகத் தெரியும் என்பது உண்மை, ஆனால் அதற்காக இரட்டிப்புக் காசு கொடுப்பது வீண்.

வீட்டு டிவியில் விளையாடுகிறவர்களும் இருக்கிறார்கள். 32 அங்குல டிவிகளில் நிறைய 1366×768தான், பெட்டியில் எச்டி ரெடி என்று போட்டிருக்கும். அதை 1080பி என்று நினைத்துக் கார்ட் தேட வேண்டாம், மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த வருடம் மொனிட்டரை மாற்றும் எண்ணம் உண்மையாகவே இருந்தால் அந்தப் புது மொனிட்டரின் எண்ணை எழுதுங்கள். "எப்பவாவது மாத்துவன்" என்றால் இப்போது இருப்பதையே எழுதுங்கள்.

3. மொனிட்டரின் பின்பக்கம்

எந்த வாய் இருக்கிறது என்று பாருங்கள். விஜிஏ மட்டும்தான் என்றால் கவனம். என்விடியா ஜிடிஎக்ஸ் 10 வரிசை தொடக்கம் கார்ட்டுகளில் விஜிஏக்குத் தேவையான அனலொக் சிக்னலே வருவதில்லை, எச்டிஎம்ஐயை விஜிஏயாக மாற்றும் அடப்டர் தனியாக வேண்டும். உள்ளே சிப் உள்ள அடப்டராக இருக்க வேண்டும். டிவிஐயை வெறும் பின் மாற்றி விஜிஏயாக்கும் பழைய சின்னத் தலைப்பு இதற்கு உதவாது.

டிஸ்பிளே போர்ட் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கார்ட்டில் டிஸ்பிளே போர்ட், மொனிட்டரில் எச்டிஎம்ஐ என்றால் மலிவான கேபிளே போதும். மறுதலையாக, கார்ட்டில் எச்டிஎம்ஐ, மொனிட்டரில் டிஸ்பிளே போர்ட் என்றால் அதே கேபிள் வேலை செய்யாது, பவர் எடுக்கும் கன்வேர்ட்டர் வேண்டும்.

144 ஹெர்ட்ஸ் மொனிட்டர் வைத்திருப்பவர்கள் முடிந்தால் டிஸ்பிளே போர்ட்டையே பாவியுங்கள். பழைய மொனிட்டர்களில் எச்டிஎம்ஐ 1.4தான் இருக்கும், அது பெரும்பாலும் 1080பியில் 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

4. என்ன விளையாடுகிறீர்கள்?

"எல்லாம் விளையாடுவன்" என்பது பதில் அல்ல. கடந்த ஒரு மாதத்தில் உண்மையாக விளையாடிய நாலு விளையாட்டையும் அடுத்து விளையாட ஆசைப்படும் இரண்டையும் எழுதுங்கள்.

வலரன்ட், டோட்டா 2 போன்றவை கார்ட்டிடம் அதிகம் கேட்பதில்லை. ஃப்ரீ ஃபயரை, போன் விளையாட்டைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரில் போடுகிறவர்களுக்குக் கார்ட்டைவிடப் புரொசசரும் ரேமும்தான் முக்கியம், பயோஸில் (மதர்போட்டின் அடிப்படை செட்டிங்ஸில்) எமுலேட்டருக்கு உதவும் வேர்ச்சுவலைசேஷனைப் போடாமல் விட்டுவிட்டு "கார்ட் காணாது அண்ணை" என்று வருகிறவர்கள் உண்டு. ஜிடிஏ 5 நடுத்தரம். சைபர்பங்க் 2077 போன்றவைதான் உண்மையிலேயே கார்ட்டைப் பிழிகிறவை.

இன்னொன்று. புதிதாக வரும் சில விளையாட்டுகள் ரே ட்ரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வசதி உள்ள கார்ட் இல்லாவிட்டால் தொடங்கவே மாட்டா. 2024 டிசம்பரில் வந்த இன்டியானா ஜோன்ஸ் விளையாட்டும் 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் அப்படித்தான். ஜிடிஎக்ஸ் 1650, 1660 வரிசைகளில் அந்த வசதி இல்லை. உங்கள் பட்டியலில் அப்படி ஏதாவது இருந்தால் ஜிடிஎக்ஸ் பக்கமே போக வேண்டாம்.

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் விளையாட்டோடு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளும் பாவிப்பார்கள். ரெண்டர் வேலைக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்ட்டுகள் கூடுதல் வேகம் தரும், அந்தத் தேவை உள்ளவர்கள் அதையும் எழுதி வையுங்கள்.

5. புரொசசர் எவ்வளவு தாங்கும்?

1080பியில் விளையாடுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. திரை சிறிதாக இருந்தால் கார்ட் ஒரு பிரேமைக் கெதியாக முடித்துவிடும், அடுத்த பிரேமுக்கான வேலையைப் புரொசசர் அதே வேகத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் கார்ட் சும்மா நிற்கும். 4கேயில் மறைந்துபோகும் புரொசசரின் பலவீனம் 1080பியில் அப்படியே வெளியே வரும்.

ஏற்கெனவே ஒரு கார்ட் இருந்தால் சோதிப்பது சுலபம். விளையாட்டுக்குள் போய் ரெசலூஷனை 1280×720 ஆக்கி, கிராபிக்ஸ் எல்லாவற்றையும் லோவில் விடுங்கள். எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தனை பிரேம்) நன்றாக ஏறினால் தடை கார்ட்டில், புதுக் கார்ட் பலன் தரும். ஏறவே இல்லை என்றால் தடை புரொசசரில், எவ்வளவு விலையான கார்ட் போட்டாலும் அதே எண்தான் வரும்.

தனிக் கார்ட் இல்லாமல் புரொசசரின் உள் கிராபிக்ஸ் மட்டும் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை சரிவராது, அது 720பியிலேயே திணறும். அவர்கள் தங்கள் புரொசசரின் பெயரையும் விளையாட்டின் பெயரையும் சேர்த்து யூடியூப்பில் தேடி, அதே புரொசசரோடு ஒரு நல்ல கார்ட்டைப் போட்டு ஓட்டிய வீடியோவைப் பாருங்கள். கார்ட்டுகளைத் தரம் பார்ப்பவர்கள் இருப்பதிலேயே உயர்ந்த புரொசசரில்தான் ஓட்டிக் காட்டுவார்கள், அந்த எண்கள் உங்கள் வீட்டில் வராது.

இங்கே புழங்கும் மெஷின்களில் ஐ5 நாலாம் தலைமுறை நிறைய. 4 கோர், 4 த்ரெட். இதற்கு ஜிடிஎக்ஸ் 1650 தொடக்கம் 1660 சூப்பர் வரையான தரம் பொருந்தும். அதற்கு மேல் ஏறினால் புது விளையாட்டுகளில் சராசரி எஃப்பிஎஸ் கூடினாலும் நடுநடுவே இழுத்து இழுத்து நிற்கும். ஐ3 10100, ஐ5 10400, ரைசன் 5 3600 போன்றவை இருந்தால் ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060 வரை பயமில்லாமல் போகலாம்.

ரேமையும் இங்கேயே பாருங்கள். 8 ஜிபி ஒரே துண்டாக இருந்தால், கார்ட் காசில் கொஞ்சத்தை எடுத்து இன்னொரு 8 ஜிபி போடுங்கள். மொத்தம் 16 ஆகும், இரண்டு சனலில் ஓடும், பழைய மெஷின்களில் அந்த இழுவை குறைவதை நீங்களே காண்பீர்கள்.

6. பவர் சப்ளை

பணம் போவதும் கார்ட் எரிவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

மதர்போட் ஸ்லொட் வழியாக ஒரு கார்ட் எடுக்கக்கூடியது 75 வாட்ஸ். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையில் இருந்து நேராக வயர் வர வேண்டும். 6 பின் வயர் 75 வாட்ஸ், 8 பின் வயர் 150 வாட்ஸ் தரும்.

லேபிளில் 500 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே உள்ள ஆம்பியர் எண்ணைப் பாருங்கள், அதை 12ஆல் பெருக்குங்கள். கார்ட்டும் புரொசசரும் தின்பது இந்த 12 வோல்ட்டில் இருந்துதான். கேசிங்கோடு இலவசமாக வரும் பவர் சப்ளை ஒன்றில் 500 வாட்ஸ் என்ற எழுத்துக்குக் கீழே 12 வோல்ட் 16 ஆம்பியர் என்று இருந்தால், உண்மையில் கிடைப்பது 192 வாட்ஸ். கையில் தூக்கிப் பார்த்தாலே பாரமில்லாமல் இருக்கும், வயர்களும் மெல்லிசு.

கணக்கு இப்படிப் போடுங்கள். ஆர்எக்ஸ் 6600 கார்ட் 132 வாட்ஸ். ஐ5 4590 புரொசசர் 84 வாட்ஸ். மதர்போட், ரேம், டிஸ்க், காற்றாடிகள் எல்லாம் சேர்த்து 50 வாட்ஸ் என்று வையுங்கள். 270க்குக் கிட்ட வருகிறது. கார்ட் சில கணங்களில் திடீரென்று கூடுதலாக இழுக்கும், வெக்கையில் பவர் சப்ளையின் பலமும் குறையும், ஆகவே நல்ல கொம்பனியின் 450 வாட்ஸ். ஏஎம்டி அந்தக் கார்ட்டுக்குச் சொல்வதும் 450தான். ஆர்டிஎக்ஸ் 3060, 4060 இரண்டுக்கும் என்விடியா சொல்வது 550.

டிஸ்க்குக்குப் பவர் கொடுக்கும் சாட்டா வயரை 6 பின் அல்லது 8 பின்னாக மாற்றும் அடப்டர் மலிவாகக் கிடைக்கும். வாங்க வேண்டாம். ஒரு சாட்டாத் தலைப்பு 12 வோல்ட்டில் தாங்கும் அளவு 54 வாட்ஸ். அதில் 75ஐயோ 150ஐயோ இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். உருகிக் கறுத்த தலைப்போடு மெஷின்கள் இங்கே வந்திருக்கின்றன, வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அது நடந்தால் என்னாகும் என்று யோசியுங்கள்.

டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் போன்ற பிராண்ட் மெஷின்களில் பெரும்பாலும் 6 பின் வயரே கிடையாது. சின்ன கேசிங் உள்ள ஒப்டிபிளெக்ஸ் 9020இன் பவர் சப்ளை 255 வாட்ஸ், பெரிய கேசிங்கில் 290. மதர்போட்டுக்குப் போகும் பின்னும் வழமையான 24 பின் அல்ல, சாதாரண பவர் சப்ளை போட அதற்கென்றே உள்ள அடப்டர் வேண்டும், சின்ன கேசிங்கில் அதற்கு இடமும் இல்லை. அப்படியான மெஷின் என்றால் 75 வாட்ஸுக்கு உட்பட்ட கார்ட்டையே தேடுங்கள். கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது.

யூபிஎஸ் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே கறண்ட் நின்று நின்று வரும் நாட்கள் உண்டு, வோல்ட் ஏறி இறங்குவதும் உண்டு, அதனால் யூபிஎஸ் இல்லாமல் கார்ட் போடுவதை நான் விரும்புவதில்லை. வழமையாக வாங்கும் 650 விஏ யூபிஎஸ் தருவது ஏறத்தாழ 360 வாட்ஸ், மொனிட்டரும் அதில்தான் கொழுவியிருக்கும். பெரிய கார்ட் முழு வேகத்தில் ஓடும்போது கறண்ட் நின்றால் சுமை தாங்காமல் யூபிஎஸும் சேர்ந்து நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது யூபிஎஸை நம்பி இருக்காமல் பிளக்கைக் கழற்றுங்கள், ரூட்டருக்குப் போகும் வயரையும் சேர்த்து.

7. கேசிங்குக்குள் இடம்

கார்ட்டின் பின் தகட்டில் இருந்து முன்பக்க டிஸ்க் கூடு வரை அளவு நாடாவால் அளந்து பாருங்கள், பவர் வயர் வளைவதற்கு ஒன்றிரண்டு அங்குலம் விடுங்கள். சின்ன பிராண்ட் மெஷின்களுக்கு லோ புரொபைல் கார்ட் வேண்டும், அதன் தகடு அரை உயரம். சில மாடல்களில் ஸ்லொட்டுக்குப் பக்கத்திலேயே பவர் சப்ளை இருப்பதால் இரண்டு ஸ்லொட் தடிப்புள்ள கார்ட் போகாது. மாடல் பெயரோடு கார்ட்டின் பெயரையும் சேர்த்துத் தேடி, வேறு யாராவது போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

8. இப்போது கார்ட்

இதுவரை எழுதியதைக் கையில் எடுங்கள். தெரிவு தானாகவே சுருங்கியிருக்கும்.

60 அல்லது 75 ஹெர்ட்ஸ், தனிப் பவர் வயர் இல்லை: ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி (70 வாட்ஸ்) இதில் முதல் தெரிவு. காசு குறைவு என்றால் ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி, அதில் 6 பின் கேட்காத மாடலாகப் பார்த்து எடுங்கள். இரண்டிலும் லோ புரொபைல் கிடைக்கும். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்ஸ்தான், ஆனால் அது மதர்போட்டோடு தரவு பரிமாற 4 லேன் (பாதை) மட்டும் பாவிக்கும் கார்ட், பழைய மெஷினின் பிசிஐஇ 3 ஸ்லொட்டில் வேகம் விழும், வீடியோ பதிவு செய்யும் என்கோடரும் அதில் இல்லை. விளையாட்டைப் பதிவு செய்து யூடியூப்பில் போட நினைப்பவர்கள் அதை எடுக்க வேண்டாம்.

60 அல்லது 75 ஹெர்ட்ஸ், நல்ல பவர் சப்ளை உண்டு: ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி. 1080பிக்கு என்று கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். பாவித்ததில் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிடைத்தால் அதுவும் சரி. இந்த மொனிட்டருக்கு இதைவிட மேலே போக வேண்டிய தேவை மிகச் சிலருக்குத்தான்.

144 அல்லது 165 ஹெர்ட்ஸ்: புரொசசர் தாங்கினால் ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600, புதியதில் ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. இன்டெல்லின் ஆர்க் பி580இல் 12 ஜிபி உண்டு, ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி (புரொசசர் கார்ட்டின் நினைவகம் முழுவதையும் ஒரேயடியாக அணுக விடுவது) மதர்போட்டில் இருக்க வேண்டும், பழைய புரொசசரோடு அது சோர்ந்துவிடும். நாலாம் தலைமுறைக்காரர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

நினைவகம் பற்றி ஒரு வார்த்தை. 4 ஜிபி இன்று ஒப்பேற்றும் அளவு, டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை) குறைத்து விளையாட வேண்டும். 1080பிக்கு 8 ஜிபி வசதியானது. கார்ட்டின் நினைவகம் நிரம்பினால் மிச்சம் மெஷினின் ரேமுக்குப் போகும், அங்கிருந்து ஒவ்வொரு தரமும் எடுத்துவர நேரம் பிடிக்கும், அதுதான் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வரும் அந்தத் தடக்கல்.

ஆனால் ஜிபியை மட்டும் பார்த்து வாங்குவதுதான் புதியவர்கள் விடும் மிகப் பெரிய பிழை. "ஜிடி 730, 4 ஜிபி" என்று விற்பார்கள். எண் பெரிது, கார்ட் மெதுவானது, 1650இன் 4 ஜிபியோடு அதை ஒப்பிடவே முடியாது. ஒரே பெயரில் இரண்டு தரமும் உண்டு: ஜிடி 1030இல் டிடிஆர்4 வகை ஜிடிடிஆர்5 வகையைவிட மிக மெதுவானது, ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபியில் நினைவகம் மட்டுமல்ல, கோர்களும் குறைவு, ஆர்டிஎக்ஸ் 3050இலும் 6 ஜிபியும் 8 ஜிபியும் ஒன்றல்ல. பில் எழுதும்போது முழுப் பெயரையும் நினைவக வகையையும் எழுதச் சொல்லுங்கள்.

9. பாவித்த கார்ட் எடுக்கிறவர்களுக்கு

வன்னியில் பாதிப்பேர் பாவித்ததைத்தான் எடுக்கிறோம், அதில் குறையேதும் இல்லை. ஆனால் ஓடிக் காட்டாமல் காசு கொடுக்கக் கூடாது.

முதலில் வயதைப் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்கு என்விடியா விளையாட்டு ட்ரைவர்களை (கார்ட்டை இயக்கும் மென்பொருளை) 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது, 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். 1050 டிஐ இன்றும் ஓடும், ஆனால் அந்த விலைக்கே எடுக்க வேண்டும். 16 வரிசைக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

ஆர்எக்ஸ் 570, 580 கார்ட்டுகள் மைனிங்கில் (கார்ட்டை இரவு பகலாக ஓட்டிக் கிரிப்டோ நாணயம் எடுப்பதில்) நிறையப் பாவிக்கப்பட்டவை. ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்று ஒன்று உண்டு, பெயர் 580, உள்ளே கோர்கள் 2304 அல்ல, 2048. பி106-100 என்பது மைனிங்குக்கென்றே செய்த கார்ட், மொனிட்டர் கொழுவ வாயே கிடையாது, படத்தில் பின்பக்கம் காட்டாமல் விற்றால் சந்தேகப்படுங்கள்.

நேரே போய்ப் பார்க்கும்போது ஒரு பென் டிரைவில் கார்ட்டின் விவரம் காட்டும் ஜிபியூ-இசட், கார்ட்டை முழுச் சுமையில் ஓட்டும் ஃபர்மார்க் என்ற இரண்டு மென்பொருளையும் கொண்டுபோங்கள். பழைய சிப்பில் பயோஸை மாற்றி 1050 டிஐ என்று விற்கும் போலிக் கார்ட்டுகளை ஜிபியூ-இசட் அநேகமாகக் காட்டிக் கொடுக்கும். பிறகு ஃபர்மார்க்கை அரை மணித்தியாலம் ஓட விடுங்கள். வெப்பம் 80க்குக் கிட்டப் போய் நிலையாக நின்றால் பிழையில்லை, நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் சிப்பின் மேல் பூசிய வெப்பப் பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது காற்றாடி போய்விட்டது. திரையில் நிறப் புள்ளிகளோ கோடுகளோ வந்தால் நினைவகம் போகிறது, அதற்கு மலிவான திருத்தம் இல்லை, எழுந்து வந்துவிடுங்கள். ஒவ்வொரு வாயிலும் கேபிளைக் கொழுவிப் பாருங்கள், கார்ட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் எரிந்த மணம் வருகிறதா என்றும் பாருங்கள்.

பின் தகட்டையும் திருகாணிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் வீடுகளில் இருந்த கார்ட் என்றால் உப்புக் காற்றில் தகடு துருப்பிடித்திருக்கும், காற்றாடிக்குக் கீழே உள்ள அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பூப் பூத்திருக்கும். வெளியே அப்படி என்றால் உள்ளே சர்க்கியூட்டிலும் அதே உப்பு இருக்கிறது.

10. எங்கே எடுப்பது?

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தெரிவு கூட, விலையும் கொஞ்சம் குறைய இருக்கலாம். ஆனால் பஸ் காசு, பார்சல் காசு, பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு வவுனியா, யாழ்ப்பாணக் கடைகளின் விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் சிறிதென்றால் கிட்ட உள்ள கடைதான் நல்லது, வாரண்டிக்கு ஒரு நாளில் போய் வரலாம்.

பார்சலில் வந்தால் பெட்டியைப் பிரிப்பதில் இருந்து சீரியல் எண் வரை ஒரே வீடியோவாக எடுங்கள். லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ மாமா கொண்டுவந்து தருகிறார் என்றால் வோல்ட் பிரச்சினை கார்ட்டுக்கு இல்லை, ஆனால் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அவர் அங்கே வாங்க முதல் நீங்கள் 2 தொடக்கம் 7 வரையான படிகளை முடித்துச் சரியான முழுப் பெயரை அவருக்கு அனுப்ப வேண்டும், வந்த பிறகு மாற்ற வழியில்லை.

11. பொருத்தும் வரிசை

கார்ட் கைக்கு வர முதலே ட்ரைவரை இறக்கி வையுங்கள். 600 எம்பிக்கு மேல் வரும், டேட்டா குறைவென்றால் இரவுப் பக்கேஜில் இறக்குங்கள் அல்லது நண்பரிடம் பென் டிரைவில் வாங்குங்கள். முன்பு வேறு கொம்பனிக் கார்ட் இருந்திருந்தால் டிடியூ மென்பொருளால் பழைய ட்ரைவரை அழியுங்கள், இரண்டும் மோதினால் கறுப்புத் திரைதான்.

பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒரு தரம் அமத்தி மிச்சக் கறண்டைப் போக்குங்கள், கேசிங்கின் இரும்பைத் தொட்டுக் கையில் உள்ள மின்னைக் கழியுங்கள். ஸ்லொட்டுக்கு நேரே உள்ள தகடுகளைக் கழற்றுங்கள், ஆனால் கார்ட்டுக்குத் தேவையான இரண்டை மட்டும். எல்லாவற்றையும் கழற்றித் திறந்தபடி விட்டால் பல்லியும் எறும்பும் உள்ளே போகும், பல்லி மதர்போட்டில் குறுக்கே விழுந்து சோர்ட் ஆன மெஷின் இங்கே புதினமல்ல.

கார்ட்டை நேராக வைத்து, ஸ்லொட்டின் கிளிப் "டக்" என்று பூட்டும் வரை அமத்துங்கள். திருகாணியைப் பூட்டுங்கள், பாரமான கார்ட் தொங்கினால் காலப்போக்கில் ஸ்லொட் தளரும். பிறகு பவர் வயர்.

மொனிட்டர் கேபிளைக் கார்ட்டில் கொழுவுங்கள், மதர்போட்டில் அல்ல. கார்ட் போட்டும் வேகம் கூடவில்லை, அல்லது படமே வரவில்லை என்று வருகிறவர்களில் பலருக்குக் கேபிள் இன்னும் மேலே மதர்போட் வாயில்தான் இருக்கும்.

படம் வராவிட்டால் பதற வேண்டாம். கார்ட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள், பவர் வயர் முழுதாக உள்ளே போயிருக்கிறதா பாருங்கள், ரேமைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள். பழைய மெஷின்களில் பயோஸைப் புதுப்பித்தால்தான் புதுக் கார்ட்டை அறியும், அதற்குக் கார்ட்டை எடுத்துவிட்டு உள் கிராபிக்ஸில் ஓட்டி அந்த வேலையைச் செய்யுங்கள், கறண்ட் நிற்காத நேரம் பார்த்து யூபிஎஸோடு.

12. முதல் கிழமை

அட்வான்ஸ்ட் டிஸ்பிளேக்குப் போய் ரிஃப்ரெஷ் ரேட்டை உயர்ந்த எண்ணுக்கு மாற்றுங்கள். 144 ஹெர்ட்ஸ் மொனிட்டரை வாங்கி மாதக்கணக்காக 60இல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், விண்டோஸ் எப்போதும் தானாக மாற்றித் தராது. மொனிட்டரில் ஃப்ரீசிங்க் (கார்ட் தரும் பிரேமுக்கு ஏற்ப மொனிட்டர் தன் வேகத்தை மாற்றுவது) இருந்தால் அதையும் போடுங்கள்.

அடுத்து எஃப்பிஎஸ்ஸுக்கு எல்லை வையுங்கள். 75 ஹெர்ட்ஸ் மொனிட்டருக்கு 75. என்விடியா கன்ட்ரோல் பனலிலும் ஏஎம்டி மென்பொருளிலும் அதற்கு இடம் உண்டு. தேவையில்லாத பிரேம்களைக் கார்ட் வரையாது, அதனால் சூடும் சத்தமும் கறண்ட் பில்லும் குறையும். தகரமோ சீற்றோ போட்ட வீட்டில் சித்திரை வெயிலில் மத்தியானம் விளையாடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் அறை எத்தனை பாகை சூடாகிறதோ ஏறத்தாழ அத்தனை பாகை கார்ட்டும் ஏறும்.

விளையாட்டுக்குள் எதைக் குறைப்பது? டெக்ஸ்சரைக் கார்ட்டின் ஜிபிக்கு ஏற்ப வையுங்கள், நிழல்களை முதலில் குறையுங்கள், அதற்குத்தான் அதிக வேலை போகும். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்றவை 1080பியில் கவனமாகப் பாவிக்க வேண்டியவை, குவாலிட்டி என்ற நிலையிலேயே உள்ளே 1280×720இல் வரைந்துதான் பெருப்பிக்கின்றன, தூரத்தில் உள்ள சின்னப் பொருட்கள் மங்கும். எஃப்பிஎஸ் காணாதபோது மட்டும் போடுங்கள்.

சோளகக் காற்றுக் காலத்தில் ரோட்டோர வீடுகளில் செம்மண் தூசி காற்றாடியில் பசைபோல் படியும். மாதம் ஒரு தரம் பக்கக் கதவைத் திறந்து பிரஷால் தட்டி ஊதுங்கள், ஊதும்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அதிவேகமாகச் சுழன்றால் பேரிங் போகும்.

திருப்பிக் கொடுக்கக் கடை தந்த நாட்களுக்குள் எழுதி வைத்த விளையாட்டுகள் எல்லாவற்றையும் நீண்ட நேரம் ஓட்டிப் பாருங்கள், குறை இருந்தால் பெரும்பாலும் அப்போதே வெளியே வந்துவிடும். பில், பெட்டி, கார்ட்டில் ஒட்டியிருக்கும் சீரியல் ஸ்டிக்கர் மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பில்லின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், ஸ்டிக்கர் உரிந்தால் வாரண்டி தர மாட்டார்கள்.